தோட்டத்திற் பிறந்த மொழி

ஆங்கிலத்திலே கப்பலுக்கு 'ஷிப்' என்று பெயர். செம்மறியாட்டுக்கு 'ஷீப்' என்று பெயர். இரண்டையும் வேறாக்குவது ஓர் உயிரொலியின் குறுக்கமும் நீட்டமுமேயாகும். 'ஷ' என்னும் ஒலியும், இந்தக் குறில் நெடில் வேறுபாடும் நாவிற்கு வாராத ஒரு கூட்டத்தார் இவ்விரு சொற்களையும் கடன் வாங்கினால் என்ன நிகழும்? இரண்டும் 'சிப்' என்றே ஆகிவிடும். கப்பலில் ஆடு வந்தது என்று சொல்லப் புகுந்தவன் கப்பலிலே கப்பல் வந்தது என்று சொல்லி முடிப்பான். பசிபிக் சமுத்திரத்தின் மேற்கிலே உள்ள நியூகினித் தீவின் மக்கள் இவ்விடரை எளிதாகத் தீர்த்துக்கொண்டனர். கப்பலைச் 'சிப்' என்றனர். ஆட்டைச் 'சிப்சிப்' என்று இரட்டித்தனர். மயக்கம் ஒழிந்தது.

இதைக் கேட்ட வெள்ளைக்காரர் பலர் நகைத்தனர். குழந்தைப் பேச்சு என்றனர் சிலர். உடைந்த ஆங்கிலம் என்றனர் வேறு சிலர். ஆயின் அந்த 'உடைந்த' மொழிக்கு அகராதி உண்டு. இலக்கண நூல் உண்டு. 1989ஆம் ஆண்டிலே வெளிவந்த முழு வேதாகமம் உண்டு. 1975ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள் சுதந்திரம் பெற்ற பப்புவா நியூகினி நாட்டின் பாராளுமன்றத்திலே அது ஒலிக்கின்றது. 800க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்நாட்டில், ஒரு மலைச்சாரலைச் சேர்ந்தவன் அடுத்த மலைச்சாரலைச் சேர்ந்தவனோடு பேசத் துணைநிற்பதும் அதுவே. அதன் பெயர் 'டொக் பிசின்'. 'பிட்ஜின்' என்னும் ஆங்கிலச் சொல்லே அவர்கள் வாயிற் 'பிசின்' ஆயிற்று.

பிட்ஜின் என்பது யாது? ஒருவர் மொழியை மற்றவர் அறியாத இரு கூட்டத்தார், வாணிகத்தாலோ வேலையாலோ அடிக்கடி கூட நேரும்போது, தேவைக்கு மட்டும் எழுகின்ற கூட்டுப் பேச்சே பிட்ஜின். அது யார்க்கும் தாய்மொழி அன்று. சந்தை கலைந்ததும் அவரவர் தத்தம் மொழிக்குத் திரும்பிவிடுவர். சீனத்துக் கன்ரன் துறைமுகத்திலே ஆங்கில வணிகரும் சீன வணிகரும் பேசிய பேச்சுக்கே இப்பெயர் முதலில் வழங்கிற்று. 'பிஸ்னெஸ்' என்னும் ஆங்கிலச் சொல் சீனர் நாவில் உருமாறிப் 'பிட்ஜின்' ஆயிற்று என்பது பெரும்பாலோர் கொள்ளும் கருத்து.

இத்தகைய பேச்சு, ஆள்வோனும் ஆளப்படுவோனும் கூடும் இடத்திலேதான் பிறக்கும் என்பதில்லை. வட நோர்வேயின் கரையோரத்திலே, கோடைதோறும் மாவும் தானியமும் கொண்டுவரும் உருசிய வணிகரும், மீன் கொடுக்கும் நோர்வே மீனவரும் கலந்து, சில நூறு சொற்களைக் கொண்ட ஒரு பேச்சை நடத்திவந்தனர். இரு திறத்தாரும் ஒத்த நிலையினர். ஒருவர்க்கொருவர் தலைவணங்க வேண்டியவர் அல்லர். வேடிக்கை யாதெனின், ஒவ்வொரு திறத்தாரும் தாம் மற்றவர் மொழியையே பேசுவதாக எண்ணியிருந்தமைதான். 1917ஆம் ஆண்டின் உருசியப் புரட்சியின் பின் அவ்வாணிகம் நின்றது, பேச்சும் நின்றது.

நியூகினிப் பேச்சின் பிறப்போ அத்துணை இனியதன்று. அது தோட்டத்திலே பிறந்தது. தோட்டம் என்னும் சொல்லையும், ஆள்கட்டுதல், ஒப்பந்தம், கங்காணி என்னும் சொற்களையும் இலங்கைத் தமிழ் நேயர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் கால்நடையாக வந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டிலே, அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குப் பசிபிக் தீவு மக்கள் கப்பலேற்றப்பட்டனர். 1863ஆம் ஆண்டிலே தொடங்கி 1904 வரை நடைபெற்ற அந்த ஆள்திரட்டலில் ஏறக்குறைய 62,000 ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. விரும்பி ஏறினோரும் உளர். ஏமாற்றி ஏற்றப்பட்டோரும், வலிந்து தூக்கிச் செல்லப்பட்டோரும் உளர். தீவுக்குத் தீவு மொழி வேறு; ஒரே தீவிலுங்கூடப் பல மொழிகள். கரும்பு வெட்டும் வரிசையிலே அருகருகே நிற்கும் இருவர் ஒருவரையொருவர் நோக்கி ஒரு சொல்லும் சொல்ல இயலாத நிலை. இருவர்க்கும் பொதுவாகக் காதில் விழுந்தது மேற்பார்வையாளரின் அதட்டல் ஒன்றே. அதட்டலிலிருந்து சொற்களைப் பொறுக்கிக்கொண்டனர்.

1884ஆம் ஆண்டிலே நியூகினியின் வடகிழக்குப் பகுதியையும் அதனை அடுத்த தீவுகளையும் ஜேர்மானியர் கைப்பற்றினர். அதற்கு முன்னரே, 1879 தொடங்கி, அத்தீவுகளின் ஆடவரைச் சமோவாவிலுள்ள ஜேர்மானியத் தென்னந் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. தோட்டத்துரை ஜேர்மானியன்; ஆயினும் பசிபிக் கடலெங்கும் கப்பலோட்டிகள் பரப்பியிருந்த ஆங்கிலக் கலப்பே அங்கும் வேலைமொழியாயிற்று. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவன், கோடரி, துணி, புகையிலை முதலியவற்றோடு அந்தப் பேச்சையும் தன் பெட்டியிலே கொண்டுவந்தான். ஊரில் அதற்கு மதிப்பு மிகுதி. கடல் கடந்தவன் பேசும் பேச்சன்றோ! இளைஞர் அதனை அவனிடம் கற்றனர். ஆக, வெள்ளையனிடம் நேரே கற்றோரினும், தம்மவரிடமே கற்றோர் பலராயினர். இந்தச் செய்தியை மறந்துவிட்டால் அம்மொழியின் இலக்கணம் ஏன் ஆங்கில இலக்கணமாக இல்லை என்பது விளங்காது.

சொற்களிற் பெரும்பாலன ஆங்கிலமே. ஆயினும் இடையிடையே வேறு மண்ணின் மணமும் வீசும். குழந்தைக்குப் 'பிகினினி' என்பர்; அறிதலைச் 'சவே' என்பர்; இவை போர்த்துக்கேய மாலுமிகள் உலகெங்கும் சிந்திச் சென்ற சொற்கள். துரத்துதலை 'ரவுசிம்' என்பர். ஜேர்மானியத் துரையின் 'வெளியே போ' என்னும் அதட்டல் அதிலே பதுங்கியிருக்கின்றது. பாலுக்கு மலாய்ச் சொல்லாகிய 'சுசு'. மரத்துக்கு 'டிவாய்', முட்டைக்குக் 'கியாவு'. இவை ரபாவுல் பட்டினத்தைச் சூழ வாழும் டொலாய் மக்களின் சொற்கள். அம்மக்கள் மொழியிலே புறாவைக் குறித்த 'பலுஸ்' என்னும் சொல், வானிலே ஆகாயக்கப்பல் தோன்றியதும் அதற்குப் பெயராயிற்று.

சொல் ஆங்கிலமாயினும் பொருள் ஆங்கிலமன்று என்பதற்கும் சான்றுகள் பல. ஆங்கிலத்திலே கையின் மேற்பகுதிக்கு ஒரு பெயர், மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதிக்கு வேறு பெயர். டொக் பிசினில் இரண்டும் 'ஹான்' தான். தமிழிலே இரண்டும் கைதான். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்றால் உடன்பிறந்த ஆண். டொக் பிசினின் பழைய வழக்கிலே 'பிராத்தா' என்பது பேசுபவரின் பாலையே சேர்ந்த உடன்பிறப்பைக் குறிக்கும். 'சூசா' என்பது எதிர்ப்பாலைச் சேர்ந்த உடன்பிறப்பைக் குறிக்கும். எனவே ஒரு பெண் தன் தங்கையைப் 'பிராத்தா' என்பாள்! ஆங்கிலேயன் இதைக் கேட்டுப் பிழை என்றான். பிழை ஒன்றுமில்லை, தம் முன்னோர் உறவுகளைப் பகுத்த முறையை விடாமல், அந்தப் பழைய பெட்டிகளுக்குப் புதிய சீட்டு ஒட்டினார்கள், அவ்வளவே. இக்காலத்து நகரத்து இளைஞர் ஆங்கிலப் பொருளிலேயே இச்சொற்களை ஆளத் தொடங்கியுள்ளனர்.

இலக்கணத்தை நோக்கினால் தமிழ் அறிந்தவர்க்கு வியப்பு மிகும். 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ச் சிறுவனும் அறிவான். 'நாம் போவோம்' என்றால் கேட்பவனும் உடன் வரலாம். 'நாங்கள் போவோம்' என்றால் அவன் வீட்டிலிருக்க வேண்டியதுதான். முன்னிலையானையும் உளப்படுத்தும் தன்மைப் பன்மை, உளப்படுத்தாத தன்மைப் பன்மை என்னும் இவ்விரண்டும் ஆங்கிலத்திலே ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. இத்தனை இலக்கியம் படைத்த ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. 'உடைந்த ஆங்கில'மாகிய டொக் பிசினில் உண்டு. 'யு' என்றால் நீ. 'மி' என்றால் நான். இரண்டையும் சேர்த்து 'யுமி' என்றால், நீயும் நானுமாகிய நாம். 'மிபெலா' என்றால், நீ நீங்கலாக நாங்கள். அம்மட்டோ? வடமொழியில் உள்ள இருமை எண்ணும் அங்கே உண்டு. 'யுமிதுபெலா' என்றால் நாம் இருவர். 'மிதுபெலா' என்றால் நீயல்லாத நாங்கள் இருவர். மூவர்க்கும் தனிச்சொல் உண்டு. தீவுகளின் தாய்மொழிகளிலெல்லாம் காணப்பட்ட இந்த நுட்பத்தை இழக்க அம்மக்கள் உடன்படவில்லை. ஆங்கிலம் இதற்குச் சொல் தரவில்லை. தந்த சொற்களை உடைத்து ஒட்டித் தாமே செய்துகொண்டனர்.

அதைப் போன்றதே வினைச்சொல்லும். நீர் கொதிக்கின்றது என்பதற்கும், பெண் நீரைக் கொதிக்கவைக்கின்றாள் என்பதற்கும் ஆங்கிலத்தில் வினை ஒன்றே. டொக் பிசினில் முன்னது 'போயில்', பின்னது 'போயிலிம்'. செயப்படுபொருள் குன்றிய வினைக்கும் குன்றா வினைக்கும் 'இம்' என்னும் ஒரு விகுதியே எல்லையிடுகின்றது. 'அவனை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் தேய்ந்து இவ்விகுதியாயிற்று. 'திரும்பினான்', 'திருப்பினான்' என்று வல்லெழுத்தை மிகுத்து இவ்வேறுபாட்டைக் காட்டும் மொழியினர்க்கு இதன் அருமை தெரியும்.

இன்னுமொன்று. போனான் என்பது வேறு, போய்விட்டான் என்பது வேறு. போய்விட்டான் என்னும் சொல்லிலே எதை விட்டான்? ஒன்றையும் விடவில்லை, செயல் முற்றிற்று என்பதைக் காட்டவே அத்துணைவினை நிற்கின்றது. டொக் பிசினும் அதே வழியை நாடிற்று. முடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் 'பினிஸ்' என்று ஆக்கி வினையின் பின்னே வைத்தது. 'எம் இ கோ பினிஸ்' என்றால் அவன் போய்விட்டான். தொலைவிலுள்ள இரண்டு மொழிகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே தீர்வைக் காண்பது, மனித மனத்தின் அமைப்பைப் பற்றி எண்ணத் தூண்டுவதொன்று.

வசைச்சொல்லின் கதையையும் சொல்லாமல் விடுதல் கூடாது. கங்காணிகளும் மாலுமிகளும் பொருள் பழுதானபோது சபையிற் சொல்லத்தகாத ஓர் ஆங்கிலச் சொல்லால் அதனை ஏசுவது வழக்கம். தொழிலாளிக்கு அது வசை என்று யார் சொல்லிக்கொடுப்பார்? பழுதாதல் என்பதற்கு ஆங்கிலம் அதுதான் போலும் என்று எடுத்துக்கொண்டான். இன்று 'பகரப்' என்னும் அச்சொல், இயந்திரம் பழுதானாலும், பயிர் அழிந்தாலும், எலும்பு முறிந்தாலும், எவர் முன்னிலையிலும் கூசாமற் சொல்லப்படும். வேதாகம மொழிபெயர்ப்பிலும் இடம்பெற்றுள்ளது. ஏசியவனின் அழுக்கு ஏசப்பட்டவனின் வாயிலே கழுவப்பட்டுவிட்டது.

இத்தகைய மொழியை வெள்ளைக்காரப் பயணிகள் எவ்வாறு உலகிற்கு அறிமுகம் செய்தனர்? பியானோ என்னும் இசைக்கருவியை அத்தீவினர், 'அடித்தால் அழும் பெரிய பெட்டி' என்னும் கருத்தமைந்த நீண்ட தொடராற் குறிப்பதாக எழுதினர். அது பல நூல்களில் மாறி மாறி அச்சேறிற்று. நாட்டு மக்கள் அவ்வாறு நாள்தோறும் சொல்லினர் என்பதற்குச் சான்றில்லை. விருந்துகளிலே சிரிப்பூட்டுவதற்காக வெள்ளையரே புனைந்தது என்பதே ஆராய்ந்தோர் கருத்து. மெய்யான சொல்லாக்கம் இதனினும் எளியது, அழகியது. மருத்துவமனை 'ஹவுஸ் சிக்', நோய் இல்லம். சமையலறை 'ஹவுஸ் குக்'. தாடி, முகத்திற்கு உரிய புல். ஒரே மொழி பேசுவோன் 'வன்டொக்'. அதாவது ஒரு பேச்சினன். பட்டினத்துக்கு வேலை தேடி வருபவனுக்கு வன்டொக்கே உண்டியும் உறையுளும் தருவான்; தரவேண்டும் என்பது நாட்டு வழக்கு. ஊரவன், உறவினன், தன்னவன் என்னும் மூன்று சொற்களின் பொருளும் அதனுள் அடங்கும்.

1914ஆம் ஆண்டிலே ஜேர்மானியர் நீங்க, அவுஸ்திரேலியர் வந்தனர். இரண்டாவது உலகப் போரில் யப்பானியரும் அவுஸ்திரேலியரும் அத்தீவிலே மோதினர். இரு படையினரும் மக்களுக்குத் துண்டுப்பிரசுரங்களை வீசினர். எந்த மொழியில்? டொக் பிசினிலேதான். அதிகாரிகள் இழித்துரைத்த பேச்சு, உயிர்காக்கும் செய்தியைச் சொல்லவேண்டிய வேளையிலே ஒருவர்க்கும் இழிவாகத் தோன்றவில்லை.

போர் முடிந்தபின் வழக்கொன்று எழுந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பாட்சி மன்றம், 1953ஆம் ஆண்டிலே, நியூகினியில் இந்தப் பேச்சை ஒழித்துவிட வேண்டும் என்று ஆட்சியாளரை வற்புறுத்திற்று. அவர்கள் கருத்தை முற்றிலும் தள்ளிவிடுதல் நேர்மையன்று. அம்மொழியிலே வெள்ளையன் எவனாயினும் 'மாஸ்தா'; கறுத்தவன் நரைத்த கிழவனாயினும் 'பொய்', அதாவது பையன். தலைமுறை தலைமுறையாக ஏவலுக்கும் அதட்டலுக்கும் பயன்பட்ட வாய்பாடு அது. விடுதலை பெறப் போகும் ஒரு மக்கட் கூட்டம் அடிமைக் காலத்துப் பேச்சைச் சுமந்துகொண்டு போகலாமா, உலக அறிவைத் தரும் செவ்விய ஆங்கிலத்தை நேரே கற்பித்தால் என்ன என்று அவர்கள் கேட்டனர். கேள்வி இரக்கத்திலே பிறந்ததுதான். ஆனால் யாரைப் பற்றிய கேள்வியோ அவர்களை யாரும் கேட்கவில்லை.

அதற்கு விடையிறுத்தவர் அமெரிக்க நாட்டுக் கோர்னெல் பல்கலைக்கழகத்து மொழியியலறிஞர் றொபேட் ஹோல். 1955ஆம் ஆண்டிலே, பிட்ஜின் மீது கைவைக்காதீர் என்னும் பொருள்படும் தலைப்பையே தந்து ஒரு நூல் வெளியிட்டார். அது தனக்கென இலக்கண ஒழுங்கு உடைய மொழி என்றும், தெரிந்த அம்மொழி வாயிலாக முதற்கல்வியைத் தொடங்குவதே பிள்ளைகட்கு நன்மை என்றும் அவர் வாதாடினார். அடிமைக் காலத்திலே பிறந்தது என்பதனால் ஒரு மொழி இழிந்ததாகுமாயின், ஆங்கிலத்தின் குலமுறையையும் சற்று ஆராயவேண்டிவரும். நோர்மானியர் 1066ஆம் ஆண்டிலே இங்கிலாந்தை வென்றபின், ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக அந்நாட்டு அரசவையில் ஆங்கிலத்துக்கு ஆசனம் இல்லை. அது உழவரும் ஏவலரும் பேசிய பேச்சு. அக்காலத்துக்குள் அதன் பழைய வேற்றுமை உருபுகளிற் பெரும்பாலன உதிர்ந்தன. பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கிற் புகுந்தன. பழைய இலக்கண அறிஞன் ஒருவன் எழுந்துவந்து இன்றைய ஆங்கிலத்தைக் கேட்பானாயின், உடைந்த பேச்சு என்றே அவனும் சொல்வான்.

ஹோலின் வாதத்தினால் மட்டும் பேச்சு பிழைத்தது என்பதும் பொருந்தாது. ஒழிக்கவேண்டும் என்றவர்கள் ஒழித்திருக்கவும் இயலாது. 1957ஆம் ஆண்டிலே கத்தோலிக்க குருவாகிய பிரான்சிஸ் மிகாலிக் அகராதியும் இலக்கணமும் சேர்ந்த நூலொன்றை வெளியிட்டார். அவரே 1970ஆம் ஆண்டிலே 'வன்டொக்' என்னும் பெயரால் அம்மொழிப் பத்திரிகையைத் தொடங்கினார். 1964ஆம் ஆண்டிலே முதற் சட்டசபை கூடியபோது, ஆங்கிலம், டொக் பிசின், தென்பகுதியில் வழங்கும் மோட்டு என்னும் மூன்று மொழிகளிலும் உறுப்பினர் பேச, உடனுக்குடன் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தனர். உறுப்பினரிற் பெரும்பாலோர்க்குப் பொதுவாக இருந்தது டொக் பிசினே. வாக்காளர் தெரிந்தெடுத்த மனிதர், வாக்காளர் பேசும் மொழியிலே எழுந்து நின்று அரசாங்கத்தைக் கேள்வி கேட்டனர். 'மாஸ்தா' என்றும் 'பொய்' என்றும் அழைக்கும் வழக்கம் அதன்பின் மெல்லத் தேய்ந்தது. மொழியை ஒழிக்காமலே இழிவை ஒழிக்க முடிந்தது.

இதற்கிடையே, எவரும் திட்டமிடாத ஒரு மாற்றம் பட்டினங்களிலே நடந்துகொண்டிருந்தது. வெவ்வேறு மலைநாடுகளிலிருந்து வந்த ஆணும் பெண்ணும் மணம்செய்தனர். அவன் மொழி அவளுக்குத் தெரியாது. அவள் மொழி அவனுக்குத் தெரியாது. வீட்டிலே வழங்கியது டொக் பிசின் ஒன்றே. பிறந்த குழந்தை தாய்மடியிலே கேட்டதும் அதுவே. சந்தைப் பேச்சு தாய்மொழி ஆயிற்று. இவ்வாறு தாய்மொழியாகிவிட்ட கலப்பு மொழியைக் 'கிறியோல்' என்பர். அச்சொல், வளர்த்தல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேய வினையடியாகப் பிறந்தது. வீட்டிலே வளர்ந்தது என்பது பொருள்.

லாயே என்னும் பட்டினத்திலே 1970களில் ஜில்லியன் சங்கொப் என்னும் மொழியறிஞர் தம் துணைவரோடு இக்குழந்தைகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். 'பிறகு' என்று பொருள்படும் 'பைம்பை' என்னும் நீண்ட சொல்லை முற்காலத்தார் வாக்கியத்தின் தொடக்கத்திலே வைத்து எதிர்காலத்தைக் குறித்தனர். அது 'பை' என்று குறுகி, வினையை நோக்கி நகர்ந்துவந்தது. தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகள் வாயிலோ, அது வினையோடு ஒட்டிய வெறும் 'ப்' என்னும் ஒலியாகவே தேய்ந்தது. 'நாளைக்கு' என்னும் சொல் வாக்கியத்தில் இருந்தபோதிலும் அதனை விடாது சொல்லினர். தனிச்சொல்லாக இருந்தது இடைநிலையாக மாறும் அந்தப் பழைய மாயத்தை, ஒரே வீட்டிலே தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் காணும் பேறு அறிஞர்க்குக் கிட்டிற்று. தமிழ் வினைகளின் கால இடைநிலைகள் எந்தச் சொற்களிலிருந்து தேய்ந்துவந்தனவோ! அவற்றைப் பதிவு செய்ய அன்று ஒருவருமில்லை.

கிறியோல் என்னும் சொல்லைக் கேட்டு இலங்கை நேயர்கள் கடல்கடந்து போகவேண்டியதில்லை. மட்டக்களப்புவரை போனாற் போதும். 1505இல் வந்த போர்த்துக்கேயர் 1658இல் முற்றாக நீங்கினர். அவர் நீங்கியும் அவர் பேச்சின் கலப்புருவம் நீங்கவில்லை. ஒல்லாந்தர் வீடுகளுள்ளும் புகுந்து அரசாண்டது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் சிலர் அதனை இற்றைநாள் வரை காத்துள்ளனர். 1970களில் அதனை ஆராய்ந்த இயன் சிமித் என்பார் கண்டது யாதெனின், சொற்கள் போர்த்துக்கேயமாயிருக்க, வாக்கியத்தின் எலும்புக்கூடு தமிழாக மாறியிருந்தமையே. போர்த்துக்கேயத்தில் வாக்கியத்தின் நடுவே நின்ற வினை, தமிழிற்போல இறுதிக்குச் சென்றது. பெயருக்கு முன்னே நின்ற சொல், நான்காம் வேற்றுமை உருபுபோலப் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டது. எனக்குப் பசி, எனக்கு விருப்பம் என்னும் தமிழ் வாக்கிய அமைப்பும் அதிலே குடிபுகுந்தது. பண்டமாற்றுத்தான்: கதிரை, குசினி, சப்பாத்து, லேஞ்சி, பாண், அலுமாரி என்று போர்த்துக்கேயர் தந்த சொற்களை இலங்கைத் தமிழர் வீட்டுக்குள் வைத்துக்கொண்டனர், வீடு கட்டும் முறையைத் தமிழர் அவர் பேச்சுக்குத் தந்தனர். அந்த மட்டக்களப்புப் பேச்சும் இப்போது முதியோர் நாவிலேயே பெரிதும் தங்கியுள்ளது. இளையோர் தமிழே பேசுகின்றனர்.

உலகிலே இத்தகையவை பல. ஜமேக்காவிலே அடிமைகளின் வழித்தோன்றல்கள் பேசுவது, சியரா லியோனில் வழங்கும் கிறியோ, ஹவாய்த் தீவுக் கரும்புத் தோட்டங்களிலே எழுந்தது என்று விரித்துக்கொண்டே போகலாம். நைஜீரியா முதலிய மேற்காபிரிக்க நாடுகளிலே வழங்கும் பிட்ஜினில் 2017ஆம் ஆண்டு தொடக்கம் லண்டன் பி.பி.சி. நிறுவனம் செய்திச் சேவை நடத்துகின்றது. மறுபுறத்தில், சிங்கப்பூர் அரசாங்கம், சீனமும் மலாயும் தமிழும் கலந்து அந்நாட்டு மக்கள் பேசும் ஆங்கிலத்துக்கு மாறாக, நல்ல ஆங்கிலம் பேசுவீர் என்னும் இயக்கத்தை 2000ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. மக்களோ அலுவலகத்தில் ஒன்றும் தேநீர்க்கடையில் ஒன்றுமாக இரண்டையும் பேசுகின்றனர்; அவர்களுக்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை.

பப்புவா நியூகினிப் பாடசாலைகளில் வழக்கு இன்னும் தீரவில்லை. 1990களில் அரசாங்கம், முதல் வகுப்புகளிலே ஊர்மொழியில், டொக் பிசினிலுமாக, கற்பிக்க வழிசெய்தது. 2010களிலே மீண்டும் ஆங்கிலத்துக்கே திரும்பிற்று. ஆங்கிலம் இன்றி உத்தியோகம் இல்லை என்பது பெற்றோரின் அச்சம். புரியாத மொழியிலே முதல் எழுத்தைக் கற்கும் குழந்தை எழுத்தையே வெறுக்கும் என்பது ஆசிரியர் பலரின் அச்சம். இரண்டு அச்சங்களும் மெய்யே.

மூன்றாவது ஓர் இழப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்நாட்டின் வடபகுதியிலே, சதுப்புநிலத்தின் நடுவே, காப்புன் என்றொரு சிற்றூர் உண்டு. தையாப் என்பது அவ்வூர் மொழி. அதற்கு நெருங்கிய உறவுமொழி எங்கும் இல்லை. 1980களின் நடுப்பகுதியிலே டொன் கூலிக் என்னும் மானிடவியலறிஞர் அங்கே சென்றபோது அதனைப் பேசியோர் நூற்றுக்கும் குறைவு. எண்ணிக்கையிலும் பார்க்க அவரைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று: பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எவரும் அதனைப் பேசவில்லை. டொக் பிசினே பேசினர். தோட்டத்துக்குப் போய்வந்த ஆடவர் பெட்டியிலே கொண்டுவந்த அந்தப் பேச்சு, உலக அறிவுக்கும், முதிர்ச்சிக்கும், கோவிலுக்கும் உரியதாக அவ்வூரில் மதிப்புப் பெற்றிருந்தது. தையாப்போ கோபத்துக்கும் பிடிவாதத்துக்கும் பழைமைக்கும் உரியதாயிற்று.

பெற்றோர் தம் மொழியை வெறுத்தவர் அல்லர். பிள்ளைகள் அதனைப் பேசவேண்டும் என்றே விரும்பினர். தமக்குள் தையாப்பிலே உரையாடிக்கொண்டிருக்கும் தாய், குழந்தையை நோக்கித் திரும்பியதும், தான் மொழி மாற்றுவதைத் தானே உணராமல் டொக் பிசினுக்கு மாறிவிடுவாள். பிள்ளைகள் ஏன் தையாப் பேசுவதில்லை என்று கூலிக் கேட்டபோது, அவர்கள் தம்மைக் குறைகூறிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் 'பிக்ஹெட்', பிடிவாதக்காரர், சொன்னாற் கேட்பதில்லை என்றனர். அச்சொல்லும் டொக் பிசினே.